கடுகு தாளிக்காத வீடு

குனிந்து வாங்கோ தம்பி, கடைசிப் படியில் எல்லாருக்கும் தலை இடிக்கும். பார்த்தீங்களா, சொல்லி முடிக்க முதல் இடித்துக்கொண்டீங்கள். தேய்க்க வேண்டாம். இதில் இருங்கோ. தலை சுற்றுகிறதா? மேலே லைற்றைப் பாருங்கோ. என்ன நிறம்? வெள்ளைதானே? பச்சையாகத் தெரியவில்லையே? சரி, அப்படியென்றால் ஒன்றுமில்லை.

இதுதான் பேஸ்மென்ட். ஓர் அறை, சமைக்கக் குசினி, குளியலறை. தனி வாசல் கிடையாது, மேலே எங்கள் வீட்டுக்குள்ளால்தான் வந்து போக வேணும். ஸ்காபரோவில் இந்த வாடகைக்கு ஒரு கட்டில்கூடக் கிடைக்காது, ஏன் இவ்வளவு குறைவு என்று போனில் கேட்டீங்கள். எனக்குக் காசை விட ஆள் முக்கியம். ஒழுங்கான ஆள், சத்தம் போடாத ஆள். அவ்வளவுதான் காரணம்.

விளம்பரத்தில் போடாத விஷயங்கள் இரண்டொன்று இருக்கின்றன. சமைக்கலாம். மீன் பொரியுங்கோ, கருவாடு சுடுங்கோ, மணம் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் கடுகு தாளிக்கக் கூடாது. வெடிக்கும். என் கையால் இந்த வீட்டில் கடுகு வெடித்துப் பல வருஷம். டிவி பார்ப்பதென்றால் காதில் மாட்டிக்கொண்டு பாருங்கோ. கூட்டாளிமார் வரக்கூடாது. முக்கியமானது, பின்னேரங்களில் வீட்டில் இருப்பீங்களா? பகலில் படிப்பு, இரவில் செக்கியூரிட்டி வேலை என்று சொன்னீங்கள். அப்போ பின்னேரம் இருப்பீங்கள். நல்லது. நான் பின்னேரம் வேலைக்குப் போகிறவள். பிளேனுக்குச் சாப்பாடு கட்டும் இடம். அந்த நேரத்தில் வீட்டில் ஓர் ஆள் இருந்தால் எனக்கு நிம்மதி.

அதுவா? பைப். குளிருக்குச் சுடுதண்ணிப் பைப் அப்படித் தட்டும். டொக், டொக். இரண்டு தரம். கொஞ்சம் பொறுங்கோ, அந்தத் தடியை எடுத்துத் தாங்கோ. ஓம், மூலையில் நிற்கிற ஹொக்கித் தடிதான். இதால் மேல் விட்டத்தில் இப்படி இரண்டு தட்டு. டொக், டொக். பார்த்தீங்களா, நின்றுவிட்டது. நான் இல்லாத நேரம் நீங்களும் இப்படிச் செய்தால் போதும். சிரிக்காதீங்கோ தம்பி. இந்த வீட்டுப் பைப்புக்கு அதுதான் பழக்கம்.

தேத்தண்ணி குடிக்கிறீங்களா? பிளாஸ்கில் கொண்டு வந்திருக்கிறேன். குடியுங்கோ.

அந்தச் சுவரில் இருப்பது பூஞ்சணம் இல்லை. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வீடு பார்க்க வந்த ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். தொட்டுப் பாருங்கோ. றப்பர். ஐஸ் ஹொக்கியில் அடிப்பார்களே, பக் என்று, உள்ளங்கை அளவு கறுப்பு றப்பர் வட்டு, அது பட்ட அடையாளம். ஒவ்வொரு புள்ளியும் என்னுடைய கையால் அடித்தது. ஓம், நான்தான். என்ன அப்படிப் பார்க்கிறீங்கள்? இடியப்பம் பிழிந்த கை தம்பி இது. மணிக்கட்டில் பலம் இருந்தால் பக் பறக்கும். அவனுடைய கோச்சே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இந்த அம்மாவை அணியில் சேர்ப்போமா என்று கேட்டவர்.

அவன் என்று சொன்னது என் மகனை. ஆரூரன். உங்களை விட நாலைந்து வயது கூட இருக்கும். நீங்கள் ஊரில் கிரிக்கெட் விளையாடியிருப்பீங்கள். இங்கே பனி. இங்கே பிறந்த பிள்ளைக்கு ஹொக்கிதான். அவன் கோல்கீப்பர். கனடாவில் சும்மா தெருவில் விளையாடின கோல்கீப்பர் இல்லை. அமெரிக்காவில் சம்பளத்துக்கு விளையாடினவன். எங்கள் ஆட்களில் ஆர் அப்படிப் போனது, சொல்லுங்கோ பார்ப்போம்.

அவன் கோல்கீப்பர் ஆனது எப்படித் தெரியுமா? ஏழு வயதில் சேர்க்கப் போனோம். மற்றப் பிள்ளைகள் எல்லாச் சாமானும் தாங்களே வாங்க வேணும். கோல்கீப்பர் ஆகிற பிள்ளைக்கு மட்டும் கால்தட்டு, நெஞ்சுக்கவசம், மாஸ்க் எல்லாம் கழகம் இரவல் தரும், ஏனென்றால் ஒரு பிள்ளையும் அங்கே நிற்க விரும்பாது. என் மனுசன் என் காதுக்குள் சொன்னார், "சும்மா குடுக்கிறாங்களாம் புவனா." அவ்வளவுதான். மனுசன் லொறி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் றோட்டில். அப்போது பிள்ளைக்கு ஆர் பக் அடிப்பது? நான்தான். வேலையால் வந்து, குளிர் ஜக்கெற்றுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, இதே இடத்தில். அப்போது இது அறை இல்லை, வெறும் சீமெந்துத் தரை.

கோல்கீப்பருக்கு வலை முதுகுக்குப் பின்னால் இருக்கும் தம்பி. திரும்பிப் பார்க்க நேரமில்லை. அப்போ தான் எங்கே நிற்கிறான் என்று எப்படித் தெரியும்? கையை நீட்டி இடது கம்பத்தைத் தொடுவான், பிறகு வலது கம்பத்தை. இரண்டும் தட்டுப்பட்டால் நடுவில் நிற்கிறான் என்று அர்த்தம். அது பிள்ளைக்கு உடம்பில் ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். அறைக்குள் போகும்போது கதவு நிலையை இரண்டு பக்கமும் தட்டாமல் போகமாட்டான். டொக், டொக். பள்ளிக்கூடத்தில் ரீச்சர் ஏன் என்று கேட்டா, கோயிலில் ஐயர் கேட்டார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் பிள்ளை வீட்டில் இருக்கிறான் என்று இருக்கும்.

ஓம். பைப் இல்லைத்தான். இருங்கோ, சொல்லுகிறேன். எழும்பாதீங்கோ. தேத்தண்ணி ஆறப்போகிறது.

ஆட்டம் இருக்கிற நாளில் கோல்கீப்பருடன் ஆரும் கதைக்கக் கூடாது. அது அவர்களுடைய வழக்கம். அணிப் பிள்ளைகள்கூடப் பக்கத்தில் போகமாட்டார்கள். வந்து காலில் தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அதனால் ஆட்ட நாளில் எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசியைக் கழற்றி வைப்பேன். கடுகு தாளிக்கமாட்டேன். தாளிக்காத பருப்பு, தாளிக்காத சம்பல். மனுசன் பகிடி பண்ணுவார், "உவன் விளையாடப் போறானோ, தவத்துக்குப் போறானோ?" என்று.

மற்றத் தாய் தகப்பன்மார் கூட்டமாக வாங்குப் பலகையில் இருப்பார்கள். கோல்கீப்பரின் தாய் அங்கே இருக்க ஏலாது. ஐந்து பேர் பிழைவிட்டால்தான் பக் கோல்கீப்பரிடம் வரும். ஆனால் கோல் விழுந்தால் பார்ப்பது அவனுடைய தாயின் முகத்தை. அதனால் நாங்கள் தனியே, வலைக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிற்போம். ஒவ்வொரு பகுதி முடியவும் அணிகள் பக்கம் மாறும், நாங்களும் சுற்றிக்கொண்டு மற்றக் கண்ணாடிக்குப் போவோம். நாங்கள் என்றால் நானும் ஷெரிலும். ஷெரிலின் மகன் அதே அணியில் மற்றக் கோல்கீப்பர். இரண்டு பேர், ஒரு வலை. ஒருவன் வலையில் நின்றால் மற்றவன் வாங்கில் இருந்து, ஆடுகளத்துக்கு உள்ளே வெளியே போகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட வேணும். உண்மையாகத்தான். அதுதான் இரண்டாவது கோல்கீப்பரின் வேலை. ஷெரில் எனக்குக் கோப்பி வாங்கி வருவாள். நான் அவளுக்கு றோல்ஸ் கொண்டு போவேன். அவளுடைய மகன் வழுக்கி விழ வேணும் என்று நான் பிள்ளையாரைக் கும்பிடுவேன். அவளும் தன்ர சாமியிடம் அதையேதான் கேட்டிருப்பாள். அதில் ஒரு பகையும் இல்லை.

ஷெரில்தான் எனக்கு ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னவள்.

அதுக்கு வாறேன். முதலில் அமெரிக்காவுக்குப் போனது. பெரிய லீக் இல்லை. அதுக்குக் கீழே ஒன்று, அதுக்கும் கீழே ஒன்று. ஒஹாயோவில் ஓர் ஊர், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் சம்பளம், தங்க இடம், முதுகில் பெயர். நவரட்ணராஜா என்ற பெயர் அந்த மேலங்கியில் ஒரு அக்குளில் தொடங்கி மற்ற அக்குளில் முடிந்தது. தைத்த மனுசி, இது என்ன, ஒரு வசனமா என்று கேட்டாளாம். அணிப் பிள்ளைகள் அவனை ரூ என்று கூப்பிட்டார்கள்.

அங்கே முதல் கோல்கீப்பர் ஒரு பின்லாந்துக்காரன். ஆரூரன் இரண்டாவது. ஒரு சீசன் முழுக்க என்ர பிள்ளை கதவு திறந்தான் தம்பி. நான் பிள்ளை வளர்த்தது கதவு திறக்கவா? நான் இரவிரவாகப் பஸ்ஸில் போய் இறங்கி, கண்ணாடியோடு நின்று பார்த்தால், தூரத்தில் வாங்கின் ஓரத்தில் தொப்பியோடு இருப்பான். கதவைத் திறப்பான், சாத்துவான். திரும்பி வந்து மனுசனிடம் சொல்லி அழுதேன். மனுசன் சொன்னது, "பிள்ளை சிரிச்சுக்கொண்டுதானே திறக்கிறான்? நீயேன் அழுறாய்?" அவருக்கு விளங்காது. அவர் கண்ணாடியில் நின்றவர் இல்லை.

சோதனை. ஓம்.

சீசன் தொடங்க முதல் எல்லாருக்கும் ஞாபகசக்திச் சோதனை ஒன்று வைப்பார்கள். கொம்பியூட்டரில் சொற்கள் காட்டும், வடிவங்கள் காட்டும், பிறகு எது வந்தது, எது வரவில்லை என்று கேட்கும். எத்தனை சரி என்று, அந்தப் புள்ளியை எடுத்து வைத்திருப்பார்கள். பிறகு எப்போதாவது தலையில் அடி பட்டால் திரும்ப அதே சோதனை. புள்ளி இறங்கினால் மூளையில் அடி, வாங்கில் இரு. இறங்காவிட்டால் விளையாடு. நல்ல முறைதான். ஆனால் ஷெரில் சொன்னாள், கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் சோதனையை வேணுமென்றே கொஞ்சம் பிழையாகச் செய்வார்களாம். அப்போ பிறகு அடி பட்டாலும் புள்ளி இறங்கினதாகத் தெரியாது. எல்லாரும் செய்கிறதுதான், அவள் மகனும் செய்தவன்.

நான் ஆர் தெரியுமா? சனிக்கிழமை காலமை பிள்ளையைக் கணக்கு ரியூஷனுக்கு இழுத்துக்கொண்டு போனவள். தொண்ணூற்றாறு எடுத்துக்கொண்டு வந்தால் மிச்சம் நாலும் எங்கே என்று கேட்டவள். அவன் அமெரிக்காவில் இரண்டாவது சீசனுக்குப் போக முதல், குசினியில் வைத்து, நானே சொன்னேன். "ராசா, அந்தச் சோதனையைக் கொஞ்சம் பிழையாச் செய்." அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, நீங்களா சொல்றீங்கள்? எழுதித் தாங்கோ, பிறேம் போட்டு வைக்கிறன்." நானும் சிரித்தேன். பகிடியாகத்தானே சொன்னது. அவன் செய்தானோ இல்லையோ எனக்கு எப்படித் தெரியும்?

செய்தவன். சொன்னால் கேட்கிற பிள்ளை.

தை மாதம் பின்லாந்துக்காரனுக்குத் தொடையில் தசை பிரிந்துவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று நான் பொங்கின பொங்கல் மாதிரி நான் ஒருநாளும் பொங்கியதில்லை. சீசன் முடியும் வரை என்ர பிள்ளைதான் வலையில். கதவு திறக்க வேறொருவனைக் கூப்பிட்டார்கள்.

அதுக்கு முந்தின கிழமைதான் பயிற்சியில் மாஸ்க்கில் ஒன்று பட்டது. தங்கட அணிப் பிள்ளை அடித்ததுதான். ஒருத்தருக்கும் சொல்லவில்லை அவன். தானே முடிவெடுத்துத்தான் விளையாடினான். அவன் ஆருடைய சொல்லும் கேட்கிறவன் இல்லை.

எனக்குப் போன் எடுத்தவன்தான். எடுக்காமல் விடுவானா? "அம்மா, லைற்றெல்லாம் பச்சையாத் தெரியுது" என்றான். சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்ததாகவும் சொன்னான். நான் என்ன டொக்டரா? இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடி என்றேன். "டொக்டரிட்டச் சொல்லட்டோ?" என்று கேட்டான். உன்ர விருப்பம் ராசா என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. திரும்பக் கதவு திறக்கிறதெண்டால் டொக்டரிட்டச் சொல்லு என்றேன். அது தாய்மார் சொல்கிறதுதானே? நீங்கள் ஊரில் பள்ளிக்கூடச் சோதனை நாளில் காய்ச்சல் என்று சொன்னால் உங்கள் அம்மா என்ன சொல்லியிருப்பா?

அவன் சொன்னானோ, அவர்களே கண்டுபிடித்தார்களோ, டொக்டர் அந்தச் சோதனையைத் திரும்பக் கொடுத்தார். புள்ளி அப்படியே இருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. டொக்டர்தான் விளையாடலாம் என்று விட்டவர். பிழை டொக்டரில்தான் தம்பி. படித்தவன்தானே, பிள்ளையின் கண்ணைப் பார்த்தால் தெரிய வேண்டாமா? கொம்பியூட்டரை மட்டும் பார்த்தால்?

அதுக்குப் பிறகு ஒரு மாதம் என்ர பிள்ளை நின்ற நிலை இருக்கிறதே. பேப்பரில் படம் போட்டார்கள். அந்த ஊர்ச் சனம் நவரட்ணராஜா என்று சொல்லப் பழகிவிட்டது. முழுப் பெயரும் தம்பி, வெள்ளைக்காரச் சனம், மூச்சு விடாமல். நான் வேலையில் லீவு போட்டுவிட்டுப் போய் அங்கேயே நின்றேன். சில விஷயம் வித்தியாசமாக இருந்ததுதான். சாப்பிடும்போது கறுப்புக் கண்ணாடி போடுவான். ஆட்டம் நிற்கிற நேரமெல்லாம் நடுவரிடம் போய் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பான். மேலே பெரிய மணிக்கூடு தொங்குகிறது, எல்லாருக்கும் தெரிகிறது, இவன் கேட்பான். கோல்கீப்பர்கள் எல்லாரும் ஒரு மாதிரித்தான் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. ஒருவன் கம்பத்தோடு கதைப்பான், ஒருவன் கோட்டை மிதிக்காமல் தாண்டுவான். அதனால் ஆரும் பெரிதாக எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அவன் நின்ற கடைசி ஆட்டம். மூன்றாவது பகுதி, முடிகிற பகுதி. எங்களுக்கு ஒரு கோல், அவர்களுக்கு ஒன்றும் இல்லை. பக் மற்றப் பக்கத்தில் ஓடிக்கொண்டு இருக்கிறது. நான் கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்கிறேன். பிள்ளையின் முதுகு எனக்கு நேரே. கையை நீட்டி இடது கம்பத்தைத் தொடப் போனான்.

கம்பம் அங்கே இல்லை.

ஒரு முழம் தள்ளிக் கையை வீசினான். வெறும் காற்று. திரும்பவும் வீசினான். வலது பக்கம் வீசினான். அங்கேயும் காற்று. அப்போ திரும்பி என்னைப் பார்த்தான். கோல்கீப்பர் ஆட்டம் நடக்கும்போது திரும்பிப் பார்க்கமாட்டான் தம்பி, ஏழு வயதில் இருந்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. மாஸ்க்குக்குள்ளால் அந்தக் கண்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீங்கள்? கத்தியிருப்பீங்கள், நடுவரைக் கூப்பிட்டிருப்பீங்கள். மனுசனும் அதையேதான் பிறகு கேட்டார். நான் தாய். எனக்கு அவன் என்ன கேட்கிறான் என்று தெரியும். இடது கம்பத்துக்கு நேரே கண்ணாடியில் தட்டினேன். டொக். வலது கம்பத்துக்கு நேரே போய்த் தட்டினேன். டொக். இங்கே ராசா. இங்கே. அவன் சத்தத்தைப் பிடித்து நடுவுக்கு வந்தான். அதுக்குப் பிறகு நான் இடமும் வலமும் ஓடி ஓடித் தட்டினேன், அவன் நின்றான். ஒரு பக்கும் உள்ளே போகவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு கிழவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், கோல்கீப்பரின் தாய்க்கு விசர் என்று நினைத்திருப்பான்.

கொஞ்ச நேரம்தான் மிச்சம் இருந்தது. தூரத்தில் இருந்து ஒருவன் சும்மா தள்ளிவிட்ட மாதிரி ஒரு பக். பெரிய வேகம்கூட இல்லை. மாஸ்க்கில் பட்டது. சனம் எழும்பிக் கைதட்டியது, தடுத்துவிட்டான் என்று. அவன் முழங்காலில் இருந்தான். கோல்கீப்பர்கள் அப்படி இருப்பார்கள்தானே. எழும்பவில்லை.

தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு திறக்கிறவன் வந்து மிச்ச நேரம் நின்றான். வென்றோம். ஆனால் அது முடிந்தபோது அவன் அங்கே இல்லை தம்பி, அதுதான் விஷயம். அவனுக்கு அந்த ஆட்டம் முடியவில்லை.

இப்போ மேலேதான் இருக்கிறான். பின் அறையில். பயப்படாதீங்கோ. ஆருக்கும் ஒரு கெடுதி செய்யமாட்டான். வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, சத்தம் ஒத்துக்கொள்ளாது. அறைக்கு அறை நடப்பான். நிலையைத் தட்டுவான். நான் குசினியில் இருந்து திரும்பத் தட்டுவேன். தட்டினால் தான் எங்கே நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியும், அமைதியாகிவிடுவான். தட்டாவிட்டால் சுவரைத் தடவிக்கொண்டே நிற்பான். அதுக்குத்தான் பின்னேரத்தில் ஓர் ஆள் வேணும் என்றது. வேறொரு வேலையும் இல்லை.

மனுசன் மொன்றியலில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார். பிறஷர். இங்கே இருந்தால் ஏறுகிறதாம். போக முதல் ஒரு கேள்வி கேட்டார், "நீ அவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தனி?" என்று. இருபது வருஷம் நான் சொல்லிக் கொடுத்ததில் எதை என்று நான் சொல்வது?

சில நாளில் அவன் கீழே இறங்கி வருவான். ஒரு கேள்விதான் கேட்பான். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு என்று. கொஞ்சம்தான் ராசா என்று நான் சொல்லுவேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். நீங்களும் அப்படியே சொன்னால் போதும். கொஞ்சம்தான் இருக்கு. தமிழில் சொன்னால் விளங்கும்.

முந்தி இங்கே தவசீலன் என்று மட்டக்களப்புத் தம்பி ஒருவர் இருந்தவர். நல்ல பிள்ளைதான், வாடகை ஒழுங்கு. ஆனால் சொன்னதைக் கேட்கிறவர் இல்லை. நான் வேலைக்குப் போயிருக்கிற நேரம் ஆரூரன் வந்து கேட்டிருக்கிறான். அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார், "மெச் முடிஞ்சி போச்சு மனே. நம்மதான் வெண்ட. வா, சோறு தின்னுவம்." கடுகு வேறு தாளித்திருக்கிறார். நான் வந்து கதவைத் திறக்கிறேன், வீடெல்லாம் தாளித்த மணம். இரண்டு பேரும் இதே மேசையில் இருந்து சோறு சாப்பிடுகிறார்கள். லைற் போட்டபடி. இவன் மற்றவருடைய கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இருக்கிறான்.

அன்று இரவு ஒரு தட்டும் இல்லை. நான் நித்திரையே கொள்ளவில்லை. வீடு அப்படி அமைதியாக இருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? இரண்டு தரம் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. விடியக் குசினிக்கு வந்தான். நிலையைத் தட்டாமல் வந்தான். என்னை நேரே பார்த்தான். "அம்மா, தலை நல்லா நோகுது" என்றான். அத்தனை காலத்தில் அவன் நோகுது என்று சொன்னது அன்றுதான். பிறகு கேட்டான், "அந்தச் சோதனையில ஏனம்மா பிழை விடச் சொன்னனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை கணக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

அது அவனுக்கு நல்லதில்லை தம்பி. பழசைக் கிளறினால் அவனுக்குத் தலையிடி கூடும். டொக்டரைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை, ஆனால் சொல்லியிருப்பார். நான் போய் நிலையைத் தட்டினேன். டொக், டொக். ஆட்டம் இன்னும் முடியவில்லை ராசா, கொஞ்சம் இருக்கு, போய் நில் என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு கையை நீட்டிக் கம்பத்தைத் தேடினான். பின்னேரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டான். தவசீலன் தம்பியை அந்த மாதத்தோடு வேறு இடம் பார்க்கச் சொன்னேன். போகும்போது அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவருடைய சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி. நான் அவனைப் பெற்றவள். ஒரு நாள் சோறு போட்டவருக்கு என்ன தெரியும்?

அதுக்குப் பிறகு வந்தவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. தட்டுகிற சத்தம் தாங்க முடியவில்லையாம். நீங்கள் பொறுமையான பிள்ளை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இவ்வளவு நேரம் இருந்து கேட்டதே...

கேட்டுதா? வாறான். நான் தட்டினதைக் கேட்டிருப்பான். படியில் மெதுவாகத்தான் இறங்குவான், சுவரைப் பிடித்துக்கொண்டு. எழும்பாதீங்கோ. போறதெண்டாலும் அந்தப் படியாலதானே போக வேணும், அவன் வந்திட்டுப் போகட்டும்.

வா ராசா. இது புதுசா வந்த தம்பி. கீழ இருக்கப் போறார். லைற் கூடவோ? நிப்பாட்டட்டோ? சரி, சரி, விடு, நிண்டபடி நில்.

பார்த்தீங்களா தம்பி, வாசலை எப்பிடி நிரப்பிக்கொண்டு நிக்கிறான். ரெண்டு கையும் நிலையில. ஒரு இடைவெளி தெரியுதே? தெரியாது. அதுதான் என்ர பிள்ளை.

கேக்கப் போறான். நான் சொன்னது ஞாபகம்தானே?

என்ன ராசா? எவ்வளவு நேரமோ? கொஞ்சம்தான் ராசா. இந்தா, முடியப் போகுது. ஏன் என்னைப் பாக்காமல் அவரைப் பாக்கிறாய்? அவருக்கு ஒண்டும் தெரியாது, இண்டைக்குத்தான் வந்தவர். தம்பி, அவன் உங்களைத்தான் கேக்கிறான். சொல்லுங்கோ. கொஞ்சம் இருக்கெண்டு சொல்லுங்கோ. வாடகையே வேண்டாம், சும்மா இருங்கோ. தம்பி, அவன்ர முகத்தைப் பாக்காதீங்கோ. என்னைப் பாருங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ.

என்ன சொன்னீங்கள்? முடிஞ்சுதெண்டோ?

இல்லை ராசா, அவர் சும்மா சொல்றார். அவருக்குத் தெரியாது. ராசா, கையை எடுக்காதை. நிலையை விடாதை ராசா. இந்தா, அம்மா தட்டுறன். டொக், டொக். கேக்குதே? இங்கதான் கம்பம். இங்க. டொக், டொக்.

ராசா?